யசோதை பெற்றதும் தேவகி இழந்ததும்

பெரியாழ்வார் திருமொழியில் நீராட்டம், பூச்சூட்டல், காப்பிடல் ஆகிய மூன்று திருமொழிகளும் நித்யாநுஸந்தானத்தில் இடம்பெற்றவை. திருமஞ்சன வேளையில் நீராட்டப் பாசுரங்களும், மலர் சாத்தும்போது பூச்சூட்டலும், கண்ணெச்சில் வாராமைக்குக் காப்பிடலும் சேவிக்கப்படுவது வழக்கம். நாள்தோறும் செவியில் விழுவதாலேயே, இவை பேசும் பொருள் எத்தகையது என்பதில் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஒரு தாய் எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு, குளிக்க வராத பிள்ளைக்காக நெடும்பொழுது காத்திருக்கிறாள். மாலைப்பொழுதில், தெருவில் நின்று விளையாடும் பிள்ளையை வீட்டுக்குள் வரும்படி கூவிக் கூவி ஓய்கிறாள். வேதாந்த விழுப்பொருள் என்று கொண்டாடப்படும் திவ்யப்ரபந்தத்தில், இந்த அன்றாட வீட்டுக் காரியங்களுக்கு இத்தனை இடம் ஏன் என்ற கேள்வி எளிதன்று.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை பரத்வ ஸௌலப்யங்களின் சேர்க்கை. பிரமனும் சிவனும் காணமாட்டாத பரம்பொருள் ஓர் இடைச்சியின் கைக்கு எட்டும்படி எளியனாய் வந்து நின்றானே என்பதே இங்குள்ள இன்பம் என்பர். உபந்யாஸ மேடைகளில் இதற்கு மேல் செல்பவர் அரியர். இவ்விடை தவறானதன்று, ஆனால் இதுவே முழு விடையாகுமா என்பதில் ஒரு தடை உண்டு. இன்பத்தின் காரணம் அவன் பரன் என்ற அறிவே ஆகுமாயின், அவ்வறிவு மிக்கவர்க்கு இன்பமும் மிக்கிருக்க வேண்டும். அவ்வறிவைப் பற்றாதவளுக்கு இன்பம் குன்றியிருக்க வேண்டும். நூல்களோ நேர்மாறாகப் பேசுகின்றன. அவன் இன்னான் என்று பிறந்த கணத்திலேயே கண்டறிந்த தேவகி அழுகிறாள். அவ்வறிவைப் பொருட்படுத்தாமல் கடாரத்தில் நீர் காய்ச்சிக் கொண்டிருந்த யசோதை, இன்பத்தின் எல்லையைக் கண்டவளாகப் பேசப்படுகிறாள்.

யசோதையின் பேச்சையும் தேவகியின் பேச்சையும் சேர்த்துக் கற்பார் அருகியதற்கு உரை வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கலாம். பெருமாள் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானம் முழுமையாய்க் கிடைக்கிறது. பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் அருளிய உரையிலோ பெரும்பகுதி அழிந்துபோக, அப்பகுதிக்கு மணவாள மாமுனிகள் (1370–1443) உரையிட்டு நிறைவு செய்தார். யசோதையின் பாசுரங்கள் மாமுனிகள் வழியாகவும் தேவகியின் பாசுரங்கள் பெரியவாச்சான் பிள்ளை வழியாகவும் கற்கப்படுகின்றன. ஓராசிரியர் கையிலிருந்து இரண்டும் கிடைத்திருப்பின் ஒப்புநோக்கு தானே நிகழ்ந்திருக்கும்.

முதலில் நீராட்டம் (இரண்டாம் பத்து, நான்காம் திருமொழி). இங்கு இன்பம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்குப் பாசுரங்களின் வாக்கிய அமைப்பே சான்று. மராமரம் சாய்த்தவனே, பேய்ச்சியை முடித்தவனே என்பன போன்ற மேன்மைகள் பெரும்பாலும் விளியிலும் அடைமொழியிலும் அடங்கிவிடுகின்றன. பாசுரத்தின் வினை, அதாவது தாய் பிள்ளையிடம் கேட்கும் செயல், ஓடாதே, நீராட வா என்பதுதான். பெயர் சொல்லி அழைக்கும் மூச்சில் பரத்வம் வந்து போகிறது. வாக்கியம் முடிவதோ நெல்லி இட்டுக் காய்ச்சிய நீரிலும், பாலும் வெல்லமும் கலந்து சுட்டு வைத்த சிற்றுண்டியிலும். அன்று பிள்ளை பிறந்த நாள்மீன் திருவோணம் என்று நினைவூட்டுகிறாள். (ரோகிணியில் பிறந்தவனுக்குத் திருவோணம் எப்படி என்ற கேள்விக்கு, முதற்பத்தின் இரண்டாம் திருமொழியில் அத்தத்தின் பத்தாம் நாள் என்று சொன்னவிடத்திலேயே விடை உண்டு. அத்தம் முதலாக முன்னோக்கி எண்ணினால் திருவோணம். பின்னோக்கி எண்ணினால் ரோகிணி. கம்ஸனுக்கு அஞ்சி நாளை மறைத்தபடி என்பது உரைவழக்கு. பிறந்தநாளைக் கூட வெளிப்படச் சொல்ல அஞ்சிய வீடு அது.) எல்லாவற்றிலும் நுட்பமானது, தொழுவத்துப் புழுதி அளைந்து வந்த மேனியைப் பற்றி அவள் சொல்லுவது. அந்தக் கோலத்தைக் காண அவளுக்கு மிகவும் உகப்புத்தான். ஆனால் கண்டவர்கள் பழிப்பார்களே, நப்பின்னை கண்டால் சிரிப்பாளே என்கிறாள். புழுதி போனபின் தோன்றும் அழகுக்காக அவள் நீராட்டவில்லை. புழுதியும் வேண்டும், நீராட்டவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகள் அவளிடத்தில் ஒருங்கே நிற்கின்றன. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

இந்த வீட்டு வேலைகளின் நடுவில் பரத்வம் வெளிப்பட்டுவிடும் இடங்களில் என்ன நிகழ்கிறது என்று காண வேண்டும். ஸ்ரீபாகவதத்தில் பிள்ளை மண் உண்ட செய்தி கேட்டு யசோதை வாயைத் திறக்கச் சொல்ல, உள்ளே அண்டங்களைக் காண்கிறாள். ஆழ்வாரோ முதல் திருமொழியில் இக்காட்சியை வேறோரிடத்தில் அமைக்கிறார். கையையும் காலையும் நீட்டி, வெதுவெதுப்பான நீரில் மெல்ல ஆட்டி, பசுமஞ்சளால் பிள்ளையின் நாவை வழிக்கும்போது, வாய் திறந்தவிடத்தில் ஏழுலகும் தெரிகின்றன. விசாரணைக்காகத் திறந்த வாயன்று அது. நாவழிக்கத் திறந்த வாய். கண்ட பெண்டிர் இவன் ஆயர் மகனல்லன், மாயன் என்று மகிழ்ந்து போகிறார்கள். அடுத்து நிகழ்வது தத்துவ விசாரமன்று. பத்து நாள் கழிந்து இரண்டாம் நாளில் செய்ய வேண்டிய சடங்கு முறைப்படி நடக்கிறது. அதற்கடுத்த பாசுரத்தில் யசோதை அயலாளிடம் முறையிடுகிறாள்: தொட்டிலில் இட்டால் உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பை முறிக்கிறான், இறுகத் தழுவினால் வயிற்றில் பாய்கிறான், தாங்கும் வலிமை இல்லாமல் நான் மெலிந்து போனேன். ஏழுலகைக் கண்டதற்கு இரண்டு பாசுரங்கள் தள்ளி ஒரு தாயின் இடுப்புவலி வருகிறது. பெரியாழ்வார் காட்டும் இல்லின்பத்தில் இந்தக் களைப்புக்கும் பங்குண்டு. களைப்பை நீக்கி இன்பத்தை மட்டும் எடுத்துக்காட்டும் விளக்கங்கள் மூலத்தைவிட இனிப்பானவை. அந்த அளவுக்கு மூலத்தினின்று விலகியவை.

மூன்றாம் பத்தின் முதல் மூன்று திருமொழிகள் இதே கேள்விக்கு இன்னும் கூர்மையான இடம். முதல் திருமொழியில் பிள்ளையின் அதிமாநுஷ சேஷ்டிதங்களைக் கண்டு, இவன் யார் என்று தெரிந்துகொண்ட யசோதை அவனுக்கு அம்மம் தர அஞ்சுகிறாள். இதுவரை விளியில் அடங்கியிருந்த மேன்மை இங்கே வினையில் புகுந்துவிடுகிறது. புகுந்தவுடன் நிற்பது எது? பாலூட்டல். அறிவு வந்தது, கை தயங்கியது. பரத்வ ஞானமே இல்லின்பத்தின் வேர் என்று கொள்ளும் விளக்கம் இத்திருமொழியைக் கடப்பது அரிது.

அச்சம் எப்படி நீங்கியது? பாகவதத்தில் எம்பெருமான் தன் மாயையைப் பரப்ப, யசோதை கண்டதை மறந்து பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்கிறாள். ஆழ்வார் இவ்விடத்தில் மாயையைக் கொண்டுவரவில்லை, செருப்பைக் கொண்டுவருகிறார். இரண்டாம் திருமொழியில் பிள்ளை கன்றுகளின் பின்னே காட்டுக்குப் போய்விட்டான். பருக்கைக் கற்கள் கொதிக்கும் காட்டில் கால் நோகும்படி, குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பிவிட்டேனே, நான் எத்தனை கொடியவள் என்று அவள் புலம்புகிறாள். மூன்றாம் திருமொழியில் பிள்ளை திரும்பி வருகிறான். இப்போது பேச்சு மாறுகிறது: உனக்கு உகப்பான குடையையும் செருப்பையும் குழலையும் வருவித்திருக்க, நீயல்லவோ கொள்ளாமல் போனாய்! கொடுக்கவில்லை என்பது முன்பு. கொடுத்தும் நீ கொள்ளவில்லை என்பது பின்பு. இம்முரணை நிகழ்ச்சி வரிசையில் வைத்து ஒருவாறு தீர்த்துவிடலாம், தீர்க்கத் தேவையில்லை. பிள்ளை கண்ணுக்கு மறைந்திருக்கும்போது தாய் தன்மேல் குற்றம் ஏற்றிக்கொள்வதும், வாசலில் வந்து நின்றவுடன் குற்றத்தை அவன்மேல் திருப்புவதும் எந்த வீட்டிலும் நடப்பது. பின்னைய பேச்சில் சினத்தின் உருவில் வருவது ஆறுதல்.

அத்திருமொழியிலேயே மற்றொரு சொல் உண்டு. உன் உடம்பெல்லாம் கன்றுகள் கிளப்பிய தூளி. நீராட எல்லாம் அமைத்து வைத்தேன். ஆடி வந்து அமுது செய். உன்னோடு கூட உண்ண வேண்டும் என்று உன் தந்தையும் இன்னும் உண்ணவில்லை என்கிறாள். நந்தகோபர் பேசுவதாக இங்கே ஒரு சொல்லும் இல்லை. பசியோடு காத்திருக்கும் ஒரு தகப்பனார், அவ்வளவே. ஆய்ப்பாடியின் தலைவர் அவர்; பிள்ளை வரும்வரை அவர் இலை போடவில்லை என்பதை மனைவி சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரிகிறது. பெரியாழ்வார் திருமொழியில் குடும்பம் என்ற சொல்லின் பொருளை இதைவிடச் சுருங்கக் காட்டும் இடம் வேறில்லை எனலாம்.

இனி குலசேகரப் பெருமாள். பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழி தேவகியின் புலம்பல், 11 பாசுரங்கள். அவள் நிலையை முன்னே தெளிந்துகொள்வது நல்லது. பிறந்த அன்றே சங்க சக்ரங்களோடு கூடிய நாற்றோள் வடிவைக் கண்டவள் அவள். கம்ஸன் அறிந்துவிடுவான் என்று அஞ்சி, அவ்வடிவை மறைத்தருள வேண்டியவளும் அவளே. அவளுக்கு ஞானத்தில் குறையில்லை. இப்போது கம்ஸன் மாண்டான், சிறை நீங்கியது, பிள்ளையும் எதிரே நிற்கிறான். அவனுடைய இளமை அழகை இன்று தன் கண்ணாலே பருகிக் கொண்டிருப்பதாகவும் சொல்லுகிறாள். பரத்வமும் உண்டு, ஸௌலப்யமும் உண்டு, ஸந்நிதியும் உண்டு. ஆயினும் புலம்பல் நிற்கவில்லை.

எதை இழந்ததாகச் சொல்லுகிறாள்? தாலாட்டுப் பாடப் பெறாதது. ஒரு பக்கம் பால் உண்டுகொண்டே, நடுவே முகத்தை நிமிர்த்தி நோக்கும் அந்த நோக்கைப் பெறாதது. விரலை வாயில் வைத்துக்கொண்டு வெகுண்டு பேசும் மழலையைக் கேளாதது. தவழ்ந்து எழுந்து, செம்மண் பொடி படிய ஓடிவந்து மார்பில் சாயப் பெறாதது. சிறு விரல்கள் அனைத்தாலும் வாரி உண்ட சோற்றின் மிச்சிலை உண்ணப் பெறாதது. இவ்விடத்தில்தான், தன்னைப் பெற்ற தாய் எதற்காகத் தன்னைப் பெற்றாள் என்று அவள் தன் பிறவியையே வெறுக்கிறாள். ஒரு பிடி எச்சில் சோறு. அதற்குப் பிறவி முழுவதும் ஈடாக வைக்கப்படுகிறது. முதல் எட்டுப் பாசுரங்களும் இவ்வாறு பிள்ளைமையைச் சுற்றியே நிற்கின்றன. குன்று குடையாக எடுத்தது முதலான பெருஞ்செயல்கள் ஒன்பதாம் பாசுரத்தில் ஒருங்கு வந்து முடிந்துவிடுகின்றன; அவற்றையும் காணப் பெற்றிலேன், இனிக் காட்ட வழியுண்டேல் காட்டியருள் என்கிறாள். இந்த அளவுமுறை தற்செயலானதன்று. குன்றெடுத்ததை மீளக் காட்ட முடியும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. மிச்சிலைப் பற்றி அப்படியொரு விண்ணப்பம் இல்லை.

வஸுதேவருக்கும் ஓர் இழப்பு உண்டு. ஆயர் மகளிர் பிள்ளையை மடியில் மாறி மாறி இருத்திக்கொண்டு உன் அப்பன் யார் என்று கேட்க, அவன் வாய் திறவாமல் விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டுகிறான். அந்த விரலும் கண்ணும் சென்ற இடம் நந்தகோபர். எங்கள் கோனான வஸுதேவன் அதைப் பெறவில்லையே என்கிறாள் தேவகி. தன் இழவைச் சொல்லும் புலம்பலின் மூன்றாம் பாசுரத்திலேயே கணவனுடைய இழவு வந்துவிடுவது கவனிக்கத் தக்கது. பசியோடு காத்திருந்த நந்தகோபரையும் இந்த வஸுதேவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இரண்டு திருமொழிகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

வெண்ணெய் களவில் அகப்பட்ட காட்சியே தேவகியின் பேச்சில் உச்சம். தாம்பை ஓங்கக் கண்டு ஒடுங்குவதும், தயிர் தோய்ந்த வாயும், அழுகையும், அஞ்சிய பார்வையும், உதடு நெளிப்பதும், கைகூப்புவதும் கண்டவள் யசோதை. இன்பத்தின் முடிவைக் கண்டவளும் அவளே. நம்மாழ்வார் திருவாய்மொழி 1.3.1 இல் இதே கட்டுண்ட நிலையை நினைந்து ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது ஸம்ப்ரதாயம். அம்மோஹம் அவனுடைய எளிமையில் ஆழங்கால்பட்டவர்க்கு வந்தது. பரத்வ ஸௌலப்ய விளக்கம் அங்கே முழுமையாகப் பொருந்தும். தேவகியின் ஏக்கம் வேறு வகை. பரம்பொருள் கட்டுண்டதே என்று அவள் வியக்கவில்லை. குற்றம் செய்த பிள்ளை தாய் முன்னே நின்று விழித்த அந்த ஒரு கணம் தனக்கு இல்லாமல் போயிற்று என்கிறாள். இரண்டு அநுபவங்களையும் ஒன்றாக்கி உரைப்பது இரண்டுக்கும் குறை செய்வதாகும்.

பாகவதம் இந்த இழவை எம்பெருமான் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறது. தசம ஸ்கந்தம் 45 ஆம் அத்தியாயத்தில், கம்ஸவதத்துக்குப் பின் தாய்தந்தையரை அணுகிய கண்ணன், எங்களால் உங்களுக்குப் பால்யம் முதலான பருவங்களின் மகிழ்ச்சி ஒருபோதும் கிட்டவில்லையே என்கிறான். அங்கே அவர்கள் பிள்ளையைத் தழுவி மகிழ்வதோடு அக்காட்சி அமைதியடைகிறது. குலசேகரர் தேவகிக்கு அத்தகைய அமைதியைத் தரவில்லை. பத்தாம் பாசுரத்தில் அவள், இத்தனைக்கும் உயிர் தரித்திருக்கிறேனே, நல்ல தாயைத்தான் பெற்றாய் என்று தன்னையே இகழ்ந்து நிறுத்திவிடுகிறாள். பதினோராவது பலச்ருதி.

இவ்வளவு சொன்னபின் ஒரு முரண் எழும். இதே குலசேகரர் மூன்றாம் திருமொழியில், நிலையில்லாத வாழ்க்கையை மெய்யென்று கொள்ளும் உலகத்தாரோடு தாம் கூடுவதில்லை என்று அறுதியிட்டவர். பெரியாழ்வாரும் நான்காம் பத்தில், தாய், தந்தை, மக்கள், நிலம் என்று பிதற்றிக்கொண்டு உயிர் விடுவாரை எச்சரிப்பவர். இல்லத்தை இவ்வாறு தள்ளியவர்கள், ஆய்ப்பாடி இல்லத்தின் எச்சில் சோற்றுக்கு இத்தனை ஏங்குவானேன்? அது பகவத்விஷயம், இது ஸம்ஸாரம் என்று பிரித்துவிடுவது எளிய வழி. அது போதாது, யசோதையின் பேச்சில் கேட்கும் சொற்கள் எல்லா வீட்டிலும் கேட்கும் சொற்களே. வேறுபாடு சொல்லிலன்று, சொல்லின் திசையில் இருக்கிறது. ஆழ்வார்கள் தள்ளியது, பிள்ளை எனக்கு உதவுவான், நிலம் எனக்குச் சோறிடும் என்று உள்நோக்கி இழுக்கும் ‘எனது’. செருப்புக் கொடாமல் அனுப்பிய தாய் சொல்லும் ‘என் பிள்ளை’ வெளிநோக்கிப் போவது. கல் குத்துவது அவன் காலில், நோவது இவளுக்கு. ஞான தசையில் எம்பெருமான் காப்பவனும் சேதநன் காக்கப்படுபவனுமாய் நிற்கும் முறை, ப்ரேம தசையில் தலைகீழாய் மாறிக் கிடக்கும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் காட்டுவது இதற்கு அடிப்படை. பெரியாழ்வாருக்கு அத்திருநாமம் வந்ததற்கு மங்களாசாஸனத்தில் பொங்கிய பரிவே காரணம் என்று மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் சொல்லுவதும் இதையொட்டியே.

ஆகவே வீட்டிலுள்ள பிள்ளையைக் கண்ணனாகவே பாவித்து வளர்த்தால் போதும் என்று சில இடங்களில் செய்யப்படும் உபதேசம், ஆழ்வார் சொன்னதைவிடச் சற்று அதிகம். அவ்வாறு பாவிக்கும்படி பெரியாழ்வார் யாரையும் ஏவவில்லை. நான்காம் பத்து ஆறாம் திருமொழியில் அவர் இல்லறத்தாரை நேரே விளித்துச் சொல்லுவது மிக எளிய ஒரு காரியம். காசுக்கும் கூறைக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ பிள்ளைக்கு இடுகிறவர்களைக் கடிந்து, எம்பெருமான் திருநாமத்தை இடச் சொல்லுகிறார். இட்டபின் செய்ய வேண்டியதாக முதற்பாசுரத்தில் அவர் சொல்லுவது தவமன்று, துறவன்று; தேனித்திருத்தல், மகிழ்ந்திருத்தல். வீட்டை விட்டு வெளியேறச் சொல்லாமல், வீட்டுக்குள்ளே மகிழ்ந்திருக்கச் சொன்ன இவ்வேவல் போதிய அளவு பேசப்படவில்லை.

அத்திருமொழியில் திரும்பத் திரும்ப வரும் முடிபு, நாரணனுடைய தாய் நரகம் புகமாட்டாள் என்பது. நாரணன் என்று பெயரிடப்பட்ட பிள்ளையின் தாய் என்பதே இடத்தால் வரும் பொருள். ஆனால் அத்தொடர் யசோதைக்கும் பொருந்தும், தேவகிக்கும் பொருந்தும். அவர்கள் இருவருக்கும் உரிய பெயரை ஆழ்வார் ஊர்ப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கு ஏழுலகும் தெரிந்ததில்லை, நாற்றோளும் தெரிந்ததில்லை. நீர் காய்ச்சி வைத்துவிட்டு, அந்தி வேளையில் வாசலில் நின்று, விளையாட்டில் மெய்ம்மறந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூவுகிறாள். ஒரு முறை கூவினால் அவன் வருவதில்லை.